வேலிக்கு அந்தப் பக்கம் நிற்பவர்

(தருமபுரியில், புதிதாக நாவல் எழுதுகிறவர்கள் முன் ஆற்றிய உரையின் எழுத்து வடிவம்)

எல்லோருக்கும் வணக்கம்.

நாவல் நாற்பது ஐம்பது பக்கம் போனதும் பலரிடமிருந்தும் வருகிற புகார் ஒன்றுதான்: "ஆள் பிடிபடமாட்டேங்கிறான்." கதை தெரியும், ஊர் தெரியும், முடிவுகூடத் தெரியும். நடுவில் நிற்கவேண்டிய மனிதர் மட்டும் கல்யாண வீட்டுக்கு வந்த தூரத்துச் சொந்தம்போல ஓரமாக உட்கார்ந்திருக்கிறார். சாப்பிடச் சொன்னால் சாப்பிடுகிறார், எழுந்திருக்கச் சொன்னால் எழுந்துகொள்கிறார்.

உடனே அவருக்கு ஒரு ஜாதகம் எழுத உட்கார்ந்துவிடுகிறோம். வயது, உயரம், பிடித்த நிறம், சின்ன வயதில் பட்ட காயம் என்று நாற்பது கேள்வி. தப்பில்லை, ஆனால் பெரிய பயனும் இல்லை. அந்த நாற்பதுக்கும் பதில் சொன்னது நீங்கள். அவர் வாயே திறக்கவில்லை. பாத்திரம் எழுத்தாளரிடம் பேசாது, இன்னொரு பாத்திரத்திடம்தான் பேசும். நான் சொல்லவந்தது இவ்வளவுதான். மிச்சமெல்லாம் அதை எப்படிச் செய்வது என்பது.

முதலில் நோய் எது என்று பாருங்கள். உரையாடல் வருகிற ஒரு பக்கத்தை எடுத்து, பேசுகிறவர்களின் பெயர்களை விரலால் மறையுங்கள். யார் பேசுவது என்று தெரியவில்லையா? எல்லார் வாயிலும் நீங்களே பேசுகிறீர்கள். அடுத்து, கடைசி மூன்று அத்தியாயங்களில் அவர் எதற்காவது 'முடியாது' என்றாரா? சொல்லவேயில்லை என்றால், கதை இழுத்த பக்கம் போய்க்கொண்டிருக்கிறார். ஒத்துழைக்காத பாத்திரம் என்று நாம் புலம்புவதில் பாதி, உண்மையில் அளவுக்குமேல் ஒத்துழைக்கிற பாத்திரம்.

ஓர் ஆளை எடுத்துக்கொள்வோம். போச்சம்பள்ளிப் பக்கம் மாந்தோப்பு குத்தகைக்கு எடுப்பவர். பெயர் மாதையன், வயது ஐம்பது. மரத்தில் பூ மட்டும் இருக்கும்போதே தோப்புக்கு விலை பேசி முன்பணம் கொடுக்கிறார். தைமாதப் பூவில் தத்துப்பூச்சி இறங்கலாம். பிஞ்சில் உதிரலாம். கோடைமழையோடு வரும் சூறைக்காற்று ஒரே ராத்திரியில் காயைக் கொட்டிவிடலாம். இதையெல்லாம் தாண்டினாலும், பெங்களூரா ரக மாங்காய் எல்லாத் தோப்பிலிருந்தும் ஒரே நேரத்தில் மாங்கூழ் ஆலைக்குப் போய் நின்றால் விலை விழும். இந்தத் தொழில் உங்களுக்குத் தெரியாவிட்டால் மாதையன் அசையமாட்டார். தோப்புக்குள் நுழைந்ததும் அண்ணாந்து பூவைப் பார்ப்பாரா, குனிந்து உதிர்ந்ததைப் பார்ப்பாரா? இதற்குப் பதில் தெரிந்தால் பிடித்த நிறம் தேவையில்லை.

இப்போது காற்றடித்துவிட்டது. மூன்றில் ஒரு பங்கு காய் தரையில். தோப்புக்காரரிடம் மாதையன், "பாதிக்கு மேல போயிடுச்சுங்க" என்கிறார். குத்தகையில் குறைக்கச் சொல்ல வேண்டும். கடன் கொடுத்தவரிடம், "பெருசா ஒண்ணும் இல்லண்ணா, கொஞ்சம்தான்" என்கிறார். இன்னும் கொஞ்சம் கேட்க வேண்டும். வீட்டில், "சோத்தப் போடு." அவ்வளவுதான். இந்த மூன்று பேச்சையும் தனித்தனியாக, ஒவ்வொன்றும் ஒரு பக்கத்துக்கு எழுதுங்கள். நாவலில் சேர்க்கவேண்டியதில்லை. மூன்றில் எது உங்கள் கையிலிருந்து தானாக ஓடுகிறதோ, அந்த உறவின் வழியாகத்தான் அவர் நாவலுக்குள் வரப்போகிறார்.

இது புது உத்தி இல்லை. சங்க அகப்பாடல் முழுக்க இதுதான். அங்கே யாருக்கும் பெயர் கிடையாது. அகத்தில் பெயர் சுட்டக்கூடாது என்று தொல்காப்பியமே சொல்லிவிட்டது. பிறகு ஆளை எப்படி அடையாளம் காண்பது? யார் கூற்று, யாரிடம் சொன்னது, எந்தச் சமயத்தில். குறுந்தொகையில் பாட்டுக்குக் கீழே இதைச் சொல்வதற்கென்று இருக்கும் துறைக்குறிப்பைச் சேர்த்துப் படித்தால் நாலைந்து அடிக்குள் ஒரு முழு மனுஷி நிற்கிறாள். தலைவி சொல்லமாட்டாள் என்றால் தோழி சொல்வாள், தோழியும் மறைத்தால் வளர்த்த தாயான செவிலி முகத்தைப் பார்த்துக் கண்டுபிடிப்பாள். உங்கள் மாதையன் ஊமையாக இருந்தால் அவருடைய 'தோழி' யார் என்று தேடுங்கள். காவல் குடிசையில் படுக்கிற பையனாக இருக்கலாம்.

அதிலும் 'சிறைப்புறம்' என்று ஒரு துறை, அதாவது ஒரு பேச்சுச் சூழல், இருக்கிறதே, அதற்கு ஈடு இல்லை. தலைவன் வேலிக்கு வெளியே வந்து நிற்கிறான். தோழிக்கு அது தெரியும். தலைவியிடம் பேசுவதுபோல, அவன் காதில் விழும்படி பேசுகிறாள். மாதையனை அங்கே நிறுத்துங்கள். தோப்புக்காரரிடம் நஷ்டக் கணக்கு சொல்லிக்கொண்டிருக்கும்போது, குடிசைக்குள் கடன் கொடுத்தவரின் மைத்துனர் உட்கார்ந்திருக்கிறார். பாதி என்று சொன்னால் கடன் போச்சு; கொஞ்சம் என்று சொன்னால் குத்தகை குறையாது. இப்போது அவர் வாயில் வருகிற அளவு என்ன? அது நீங்கள் முடிவு செய்ததாக இருக்காது. அவர் ஒருவேளை பேச்சை மாற்றி, ஆட்டைத் தோப்புக்குள் விட்டதாகப் பையனைத் திட்டத் தொடங்கலாம். அப்படித் தொடங்கினால் விடுங்கள், தடுக்காதீர்கள்.

தகடூரில், அதாவது அதியமான் ஆண்ட இந்தத் தருமபுரியில், நின்றுகொண்டு ஔவையைச் சொல்லாமல் போகக்கூடாது. புறநானூறு 95. அதியமானுக்காக எதிரி அரசன் தொண்டைமானிடம் தூது போன ஔவை, உன் வேல்கள் மயிற்பீலி சூடி, நெய் பூசி, காவல் மனையில் அழகாக இருக்கின்றன, அதியமான் வேல்களோ முனை ஒடிந்து கொல்லன் பட்டறையில் கிடக்கின்றன என்கிறார். அதியமான் வீரன் என்ற சொல்லே இல்லை. கருவி எங்கே கிடக்கிறது என்பதும், அதை யார் முகத்துக்கு நேரே சொல்கிறோம் என்பதும் சேர்ந்து ஆளைக் காட்டிவிட்டன.

இரண்டு சின்ன வேலைகள். ஒன்று, சந்தைக் கணக்கு. ஞாயிற்றுக்கிழமைச் சந்தைக்கு அவர் கையில் 500 ரூபாய் கொடுத்து அனுப்புங்கள். வாங்கியதை வரிவரியாக எழுதுங்கள். பக்கத்திலேயே, வீட்டில் அவர் சொன்ன கணக்கு. இரண்டும் ஒத்துப்போனால் திரும்ப எழுதுங்கள். இன்னொன்று, விளிப்பட்டியல். ஆறு பேரை அவர் எப்படிக் கூப்பிடுகிறார், அவர்கள் அவரை எப்படிக் கூப்பிடுகிறார்கள், 'நீ' எங்கே 'நீங்க' ஆகிறது. ஓசூர், தேன்கனிக்கோட்டைப் பக்கத்து ஆள் என்றால் இன்னும் ஒரு நிரல் வேண்டும்: தெலுங்கா, கன்னடமா, தமிழா? கடைவீதியில் பேசுகிற மொழியை யாரும் சொல்லிவிடலாம். மனசுக்குள் பணம் எண்ணுகிற மொழி எது, கோபத்தில் வருகிற மொழி எது என்று எழுதுங்கள்.

இவ்வளவும் செய்து ஒரு மாதம் ஆன பிறகும் ஆள் கல்லாகவே இருந்தால், அவர் கதைக்குத் தேவையில்லாதவராக இருக்கலாம். இன்னொரு பாத்திரத்தோடு சேர்த்துவிடுங்கள். குற்றவுணர்ச்சி வேண்டாம்.

ஒரு கேள்வி எழுதிக் கொடுத்திருக்கிறார்கள்: "எனக்குத் தெரிந்த சொந்தக்காரர் மாதிரியே வந்துவிடுகிறது, என்ன செய்வது?" தொழிலை மாற்றுங்கள். பெயரையும் மீசையையும் மாற்றினால் போதாது, வீட்டில் அடையாளம் கண்டுவிடுவார்கள். புளி வியாபாரியை லாரி டிரைவர் ஆக்கினால் அவர் தூங்குகிற நேரம் மாறும், பணம் வருகிற நாள் மாறும், வீட்டில் யாரோடு எவ்வளவு நேரம் பேசுகிறார் என்பதும் மாறும். பத்துப் பக்கத்துக்குள் சொந்தக்காரர் இறங்கிப் போய்விடுவார். வண்டியில் உட்கார்ந்திருப்பவர் யார் என்று அப்புறம்தான் பார்க்க ஆரம்பிக்க வேண்டும்.