நாற்காலி இல்லாத தீர்ப்பு

நடுவர் அவர்களே, அவையோரே, வணக்கம். ‘மனிதனுக்குப் பெரிதும் தேவை விமரிசனமா, தீர்ப்பா?’ என்ற தலைப்பில், தீர்ப்பே, அதாவது எது சரி எது தவறு என்று தானே முடிவுசெய்யும் திறனே என்று வாதிட வந்திருக்கிறேன்.

1978-இல் பாரிஸில் பிரெஞ்சுத் தத்துவ அறிஞர் ஃபூக்கோ ஆற்றிய உரையை எடுத்துக்காட்டி, இந்த அளவுக்கு ஆளப்படாமல் இருக்கும் கலையே விமரிசனம் என்று எதிரணித் தலைவர் அழகாகச் சொன்னார். அதோடு நிறுத்தியிருக்கலாம். ‘தீர்ப்பு கேட்பவர்களுக்கெல்லாம் நடுவர் நாற்காலி மேல்தான் கண்’ என்று ஒரு போடும் போட்டார். நீங்கள் கைதட்டினீர்கள், நடுவர் மட்டும் நாற்காலியைச் சற்று இறுக்கிப் பிடித்துக்கொண்டார்.

ஐயா, 1961-இல் ஜெருசலேம் நீதிமன்றத்தில், யூதர்களை மரண முகாம்களுக்கு ரயிலேற்றி அனுப்பிய நாஜி அதிகாரி ஐக்மன் கண்ணாடிக் கூண்டுக்குள் இருந்தார். வாழ்நாளெல்லாம் ஜெர்மன் தத்துவ அறிஞர் காண்ட்டின் அறநெறிப்படியே நடந்ததாக அவர் போலீஸ் விசாரணையில் சொல்லியிருந்தார். நீதிபதி ராவே அதை விடவில்லை, விளக்கச் சொன்னார். யாரிடம் யாரைப் பற்றிக் கேள்வி பாருங்கள்! என் விருப்பத்தின் நெறி பொதுச் சட்டங்களின் நெறியாகும் தகுதியோடு இருக்க வேண்டும் என்று பதில் வந்தது. பரீட்சையில் எழுதியிருந்தால் மதிப்பெண் போட்டிருப்பார்கள். காண்ட்டின் ‘செயலறிவின் விமரிசனம்’ நூலையே படித்திருந்தாராம். விமரிசனத்தைப் படித்தவர், ஐயா! அழித்தொழிக்கும் பணி வந்தபோது அந்த நெறியை விட்டுவிட்டதாகவும் அவரே சொன்னார். மேலிடத்து உத்தரவு வந்ததும் காண்ட்டுக்கு விடுமுறை!

வழக்கை நேரில் கண்டு எழுதிய ஹன்னா அரெண்ட், பிறர் நிலையில் நின்று பார்க்கும் ஆற்றல் ஐக்மனிடம் இல்லை என்றார். காண்ட் 1790-இல் தீர்ப்பாற்றலைப் பற்றி எழுதிய நூலில் வற்புறுத்தியதும் அந்த ஆற்றலைத்தான்.

அதே நீதிமன்றத்தில் ஒரு சாட்சி ஆண்டன் ஷ்மிட்டின் பெயரைச் சொன்னார். வியன்னாவில் ரேடியோ கடை வைத்திருந்து, ஜெர்மன் படையில் சார்ஜெண்டாக லிதுவேனியாவின் வில்னாவுக்கு வந்தவர் ஷ்மிட். யூதர்களுக்குப் போலி ஆவணங்கள் கொடுத்தார். படையின் லாரியிலேயே ஏற்றித் தப்பவும் வைத்தார். பணம் வாங்கவில்லை. 1942 ஏப்ரலில் அவரைச் சுட்டுக் கொன்றார்கள். மனிதனாக மட்டுமே நடந்துகொண்டேன் என்று மனைவிக்குக் கடைசிக் கடிதம் எழுதியிருந்தார். அவர் காண்ட்டைப் படித்தவரா என்று எந்த நீதிபதியும் கேட்கவில்லை. அவரும் தீர்ப்பு சொன்னவர்தான், நாற்காலி இல்லாமலே. கணவரை இழந்து நின்ற அந்தப் பெண்ணைத் துரோகியின் மனைவி என்று அக்கம்பக்கத்தார் ஏசினார்கள். அவரைப் பார்த்து, ‘அம்மா, உங்கள் வீட்டுக்காரர் நாற்காலிக்கு ஆசைப்பட்டார்’ என்று சொல்ல எதிரணியில் யாருக்கு மனம் வரும்? வணக்கம்.