பொத்தானை மறுபடி அழுத்தாதீர்கள்: வாட்டர் கூலிங் கணினி ஆன் ஆகாதபோது நான் செய்தவை

வணக்கம் நண்பர்களே. இன்றைய காணொளியில் புதிய கணினி எதையும் நான் கட்டப் போவதில்லை. எனக்குப் பின்னால், பக்கக் கண்ணாடி கழற்றப்பட்டு மேசைமேல் நிற்கிறதே, இது மூன்று ஆண்டுகளாக நான் படத்தொகுப்புக்குப் பயன்படுத்தி வரும் கணினி. விசிறிக் காற்றுக்குப் பதிலாகக் குழாய்களில் ஓடும் திரவத்தால் குளிர்விக்கும் வாட்டர் கூலிங் வகை. பம்ப், திரவம் நிற்கும் தொட்டியான ரிசர்வாயர், திரவத்தின் சூட்டை வெளியேற்றும் இரண்டு ரேடியேட்டர்கள் எல்லாவற்றையும் தனித்தனியாக வாங்கி, ப்ராசசரையும் கிராபிக்ஸ் கார்டையும் ஒரே சுற்றில் இணைத்து நானே குழாய் போட்டது. நான்கு நாட்களுக்கு முன் காலையில் பவர் பொத்தானை அழுத்தினேன். விசிறிகள் கால் சுற்றுச் சுற்றித் துடித்து நின்றுவிட்டன. இரண்டாவது முறை அழுத்தியபோது அந்தத் துடிப்புகூட இல்லை. மூன்றாவது முறை அழுத்தக் கை போனது; ஆனால் அழுத்தவில்லை. சுவரிலிருந்து பிளக்கை எடுத்துவிட்டேன். இந்தக் காணொளியில் நீங்கள் வேறு எதை மறந்தாலும் அந்த ஒரு செயலை நினைவில் வைத்துக்கொள்ளுங்கள்.

ஏன் என்று சொல்கிறேன். கணினி அணைந்திருக்கிறது என்று நாம் நினைக்கும் நேரத்திலும், சுவர் மின்சாரத்தை மாற்றிப் பாகங்களுக்குத் தரும் பெட்டியான எஸ்எம்பிஎஸ் முழுமையாக ஓய்ந்திருப்பதில்லை. சுவர் மின்சாரம் வந்துகொண்டிருக்கும்வரை, 24 பின் கனெக்டரின் 9ஆம் பின் வழியாக 5 வோல்ட், பாகங்கள் எல்லாம் பொருந்தும் முதன்மைப் பலகையான மதர்போர்டுக்குப் போய்க்கொண்டே இருக்கிறது. நாம் பொத்தானை அழுத்தியதை மதர்போர்டு உணர்வதற்கே அந்த ஸ்டாண்ட்பை மின்சாரம்தான் வேண்டும். பலகையின்மேல் எங்காவது கூலன்ட், அதாவது குழாயில் ஓடும் குளிர்விப்புத் திரவம், பட்டிருந்தால், அந்த 5 வோல்ட்டே மெல்லிய செம்புத் தடங்களை மணிக்கணக்கில் அரித்துக்கொண்டிருக்கப் போதுமானது. ஆகவே பிளக்கை எடுத்த பிறகு, மதர்போர்டில் இருக்கும் சிஆர்2032 என்ற 3 வோல்ட் வட்ட பேட்டரியையும் கழற்றி வைத்தேன். கணினியின் தொடக்க அமைப்புகளான பயாஸ் அமைப்புகள் அழிந்துபோகும் என்று தயங்க வேண்டாம். அவற்றை மறுபடி அமைக்கப் பத்து நிமிடம் போதும்.

“என் கூலன்ட் மின்சாரத்தைக் கடத்தாத வகை, அதனால் கசிந்தாலும் கவலையில்லை” என்று சிலர் நினைப்பதுண்டு. இதை நம்பியிருக்காதீர்கள். காய்ச்சி வடித்த தூய நீர் மின்சாரத்தை மிகக் குறைவாகவே கடத்தும் என்பது உண்மைதான். ஆனால் சுற்றுக்குள் போன நாள் முதலே அது செம்பையும் நிக்கலையும் தொட்டுக்கொண்டு ஓடுகிறது. வெளியே சிந்தினாலோ பலகையின்மேல் இருக்கும் தூசியையும், பாகங்களைப் பற்றவைத்தபோது எஞ்சிய ஃப்ளக்ஸ் என்ற பசையையும் கரைத்துக்கொள்கிறது. அதற்குப் பிறகு அது தூய நீர் அல்ல. 1985இல் வந்த க்ரே-2 சூப்பர் கணினியில் சுற்றுப்பலகைகளை ஃப்ளூரினெர்ட் என்ற திரவத்திலேயே மூழ்கடித்து வைத்திருந்தார்கள். அது உண்மையாகவே மின்சாரத்தைக் கடத்தாத, வேறு இனத் திரவம். நாம் கணினிக்குள் ஊற்றுவது அதுவன்று.

இதைச் சொல்லிவிட்டு இதற்கு நேர்மாறான ஒன்றையும் சொல்ல வேண்டியிருக்கிறது. வாட்டர் கூலிங் கணினி ஆன் ஆகவில்லை என்றதும் எல்லோரும் முதலில் தண்ணீர்மேல்தான் பழியைப் போடுகிறோம், அல்லது பம்ப் நின்றுவிட்டது என்று முடிவுகட்டுகிறோம். பம்ப் சுற்றாமல் நின்றுபோனால் கணினி ஆன் ஆகவே செய்யும். சிறிது நேரத்தில் ப்ராசசர் சூடேறி, வேகத்தைக் குறைத்துக்கொண்டு, அதுவும் போதாமல் தானாக அணையும். பம்பின் வேகத்தைச் சொல்லும் கம்பி சிபியு ஃபேன் இணைப்பில் செருகப்பட்டிருந்தால், விசிறிப் பிழை என்று திரையில் ஓர் எச்சரிக்கையும் வரும். எனவே பொத்தானை அழுத்தியதும் எதுவுமே நடக்கவில்லை என்றால், அது குளிர்விப்பின் கோளாறு அன்று. மின்சாரம் வரும் பாதையின் கோளாறு. அந்தப் பாதையில் எதையாவது தண்ணீர் கெடுத்ததா என்பது அடுத்த கேள்வி. இந்த இரண்டையும் பிரித்துப் பார்க்காததால்தான் பலர் நாள் முழுவதும் குழாய்களைக் கழற்றி மாட்டிக்கொண்டிருக்கிறார்கள்.

குழாய்களைப் பற்றிப் பேசும்போது ஒன்று: முதலிலேயே கூலன்ட்டை வடித்துவிடாதீர்கள். வடித்துத் துடைத்துவிட்டால் எங்கே கசிந்தது என்பதற்கான தடயமும் சேர்ந்தே போய்விடும். நான் செய்தது இதுதான். வெள்ளை டிஷ்யூ தாளை விரல் அகலத்துக்கு மடித்து, டார்ச் வெளிச்சத்தில், குழாய் பாகத்தோடு சேரும் திருகு இணைப்பான ஒவ்வொரு ஃபிட்டிங்கின் அடிப்பக்கத்திலும் ஒற்றி எடுத்தேன். ப்ராசசர்மேல் அமர்ந்து அதன் வெப்பத்தைக் கூலன்ட்டுக்குக் கடத்தும் பிளாக் உலர்ந்திருந்தது. கிராபிக்ஸ் கார்டின் பிளாக்கும், அதற்குக் கீழே இருக்கும் ஸ்லாட்டும் உலர்ந்திருந்தன. ரேடியேட்டர் முனைகளும் அப்படியே. ரிசர்வாயருக்குக் கீழே, பம்பின் தலைக்கு மேலே இருக்கும் ஃபிட்டிங்கில் தாள் நனைந்தது. அங்கிருந்து பம்பின் உடல் வழியாக ஒரு வெளிறிய கோடு கீழே இறங்கி, கம்பி வெளியே வரும் இடத்தில் பச்சை நிறப் பொருக்காக முடிந்திருந்தது. பச்சை என்றால் செம்பு அரிக்கப்பட்டிருக்கிறது என்று பொருள். அதாவது கசிவு அன்று காலையில் தொடங்கியதன்று, சில வாரங்களாகவே நடந்திருக்கிறது.

ஈரத்தைக் கண்டதும் காரணம் கிடைத்துவிட்டது என்று நான் நின்றுவிடவில்லை. ஈரம் இருப்பதும் அந்த ஈரம்தான் கோளாறுக்குக் காரணம் என்பதும் ஒன்றல்ல. முதலில் கண்ணில் பட்ட ஈரத்தை ஒற்றி எடுத்துவிட்டு, பம்பைச் சுற்றிய பகுதியை 99 சதவீத ஐசோப்ரொப்பைல் ஆல்கஹாலும் மென்மையான பிரஷும் கொண்டு துடைத்து, விசிறிக் காற்றில் ஒரு முழு நாள் உலர விட்டேன். எஸ்எம்பிஎஸ் என் கேபினட்டில் கீழ்த்தளத்தில் மூடிய அறைக்குள் இருக்கிறது. அதன் விசிறித் துளை வழியாக டார்ச் அடித்துப் பார்த்தபோது உள்ளே ஈரமில்லை. இருந்திருந்தால் அதை நான் மறுபடி பயன்படுத்தியிருக்க மாட்டேன், திறந்தும் பார்த்திருக்க மாட்டேன். அதன் உள்ளே இருக்கும் பெரிய கெபாசிட்டர், பிளக்கைப் பிடுங்கிய பிறகும் 300 வோல்ட்டுக்கு மேல் தேக்கி வைத்திருக்கக்கூடியது. தயவுசெய்து வீட்டில் அதைத் திறக்காதீர்கள்.

மறுநாள் சோதனை தொடங்கியது. சுவர் பிளக், பவர் கார்டு, எஸ்எம்பிஎஸ்ஸின் பின்னால் இருக்கும் சுவிட்ச் ஆகிய மூன்றும் சரியாக இருந்தன. அடுத்து எஸ்எம்பிஎஸ்ஸைத் தனிமைப்படுத்தினேன். மதர்போர்டு, கிராபிக்ஸ் கார்டு, டிஸ்க், பம்ப் எல்லாவற்றின் இணைப்பையும் எடுத்துவிட்டு, ஒரே ஒரு விசிறியை மட்டும் விட்டுவைத்தேன். மதர்போர்டு இல்லாமலே எஸ்எம்பிஎஸ் ஆன் ஆவதற்காக, மின்சாரம் துண்டிக்கப்பட்ட நிலையில், 24 பின் கனெக்டரில் 16ஆம் துளையையும் 17ஆம் துளையையும் ஒரு சிறு கம்பித் துண்டால் இணைத்து, அதன் பிறகே சுவிட்சைப் போட்டேன். பழைய கேபிள்களில் 16ஆவது பச்சை, 17ஆவது கறுப்பு. இப்போது எல்லாமே கறுப்பாக வருவதால் எண்ணித்தான் பார்க்க வேண்டும், இரண்டு முறை எண்ணுங்கள். விசிறி சுற்றியது. மல்டிமீட்டரில் 12.08, 5.03, 3.31 வோல்ட் காட்டியது. கணினி எஸ்எம்பிஎஸ்களுக்கான ஏடிஎக்ஸ் தரப்படி 12, 5, 3.3 வோல்ட் ஆகிய இம்மூன்றிலும் 5 சதவீதம் வரை கூடவோ குறையவோ இருக்கலாம். 12 வோல்ட் என்றால் 11.4 முதல் 12.6 வரை. இந்தச் சோதனையால் எஸ்எம்பிஎஸ் உயிரோடு இருக்கிறது என்று மட்டுமே தெரியும். முழுச் சுமையைத் தாங்குமா என்பதை இது சொல்லாது.

இனி வருவதுதான் வாட்டர் கூலிங் வைத்திருப்பவர்களுக்கு மட்டும் கிடைக்கும் வசதி. புதிதாகக் கூலன்ட் ஊற்றும்போது நாம் எல்லோரும் இதே கம்பித் துண்டை வைத்து, வேறு எதற்கும் மின்சாரம் தராமல், பம்பை மட்டும் ஓட்டுகிறோம் அல்லவா? அதே முறையைப் பழுது பார்க்கவும் பயன்படுத்தலாம். மின்சாரத்தை நிறுத்திவிட்டு, பம்பின் கனெக்டரைச் செருகி, சுவிட்சைப் போட்டேன். ‘டிக்’ என்ற சத்தத்தோடு எஸ்எம்பிஎஸ் அணைந்தது. விசிறியும் கால் சுற்றில் துடித்து நின்றது. முதல் நாள் காலையில் நான் பார்த்த அதே துடிப்பு. பம்பைக் கழற்றிய பிறகும் உடனே ஆன் ஆகவில்லை. பிளக்கை எடுத்து ஒரு நிமிடம் காத்திருந்த பிறகுதான் ஆனது. ஷார்ட் சர்க்யூட் பாதுகாப்பு செயல்பட்டால் பல எஸ்எம்பிஎஸ்கள் இப்படிப் பூட்டிக்கொள்கின்றன. இரண்டாவது முறை அழுத்தியபோது எதுவும் நடக்காததும் இதனால்தான். எஸ்எம்பிஎஸ் செத்துவிட்டது என்று நினைத்துப் புதிதாக வாங்குபவர்கள் இந்த இடத்தில்தான் ஏமாறுகிறார்கள். அது தன் வேலையைச் சரியாகச் செய்துகொண்டிருந்தது.

பம்பின் கனெக்டரில் மஞ்சள் கம்பிக்கும் கறுப்புக் கம்பிக்கும் இடையே மின்தடையை அளந்தேன். 0.4 ஓம். இது ஏறக்குறைய ஒரு வெறும் கம்பி. பம்பின் பின்புறம் இருக்கும் சிறு பலகைக்குக் கசிவு போய்ச் சேர்ந்து, மோட்டாரை இயக்கும் பாகம் ஒன்று உள்ளுக்குள் ஷார்ட் ஆகியிருக்கிறது என்றுதான் இதற்குப் பொருள்.

மற்ற பாகங்கள் தப்பினவா என்று அறிய, பேட்டரியைத் திரும்பப் போட்டு, பம்பைத் தவிர எல்லாவற்றையும் இணைத்துப் பத்து நொடிகளுக்கு மட்டும் ஆன் செய்தேன். மெமரி சோதனையைத் தாண்டித் திரையில் எழுத்து வந்ததும் அணைத்துவிட்டேன். பிளாக்குக்குள் நின்றிருக்கும் தண்ணீர் அந்தச் சில நொடிகளின் வெப்பத்தை வாங்கிக்கொள்ளும். நிமிடக்கணக்கில் விடக் கூடாது. பம்ப் இல்லாமல் கணினியை ஓட்டக் கூடாதது போலவே, கூலன்ட் இல்லாமல் பம்பை ஓட்டவும் கூடாது. அதன் பேரிங்குக்கு எண்ணெய் கிடையாது. ஓடும் கூலன்ட்தான் அதற்கு மசகு.

இடையில் ஓர் எச்சரிக்கை. சோதனைக்காக வேறு எஸ்எம்பிஎஸ் இரவல் வாங்கினால், அதன் கேபிள்களையும் சேர்த்தே வாங்குங்கள். எஸ்எம்பிஎஸ்ஸிலிருந்து கழற்றி மாட்டக்கூடிய மாடுலர் கேபிள்களில் எஸ்எம்பிஎஸ் பக்கத்து முனைக்குப் பொதுத் தரம் எதுவும் இல்லை. நன்றாகப் பொருந்தலாம், ஆனால் 5 வோல்ட் போக வேண்டிய இடத்தில் 12 வோல்ட் போகக்கூடும். என் நண்பர் ஒருவர் பழைய கேபிள்களை அப்படியே விட்டு எஸ்எம்பிஎஸ்ஸை மட்டும் மாற்றியதில் இரண்டு டிஸ்க்குகளை, அவற்றிலிருந்த குடும்பப் படங்களோடு இழந்தார்.

கசிந்த ஃபிட்டிங்கைக் கழற்றியபோது கசிவைத் தடுக்கும் ரப்பர் வளையமான அதன் ஓ-ரிங் ஒரு பக்கம் நசுங்கித் தட்டையாகியிருந்தது. பொருத்தியபோது கையால் இறுக்கியது போதாது என்று ஸ்பேனரால் இன்னும் கால் திருகு இறுக்கினேன், அது தவறு. ஓ-ரிங் அழுந்தினால் போதும், பிதுங்கக் கூடாது. இன்னொரு தவறும் செய்திருக்கிறேன். பம்பின் கம்பியை அழகுக்காக இழுத்துக் கட்டி, பக்கத்தில் சற்று மேலே இருந்த கனெக்டரிலிருந்து பம்புக்கு நேராகக் கீழே இறங்கும்படி வைத்திருந்தேன். கம்பத்திலிருந்து வீட்டுக்கு வரும் சர்வீஸ் வயரை உள்ளே நுழையும் முன் கீழ்நோக்கி ஒரு வளைவு விட்டுத்தான் எலக்ட்ரீஷியன்கள் இழுப்பார்கள். மழை நீர் வயர் வழியாக ஓடி வந்தாலும் அந்த வளைவின் அடியில் சொட்டிவிடும், உள்ளே போகாது. இப்போது பம்பின் கம்பிக்கும் அப்படி ஒரு வளைவு விட்டிருக்கிறேன். ஃபிட்டிங்கும் பம்புக்கு நேர் மேலே வராதபடி பக்கவாட்டுத் துளைக்கு மாறியிருக்கிறது.

புதிய பம்ப் நேற்று வந்தது. ஓ-ரிங்குகள் அனைத்தையும் மாற்றிவிட்டேன். கூலன்ட் இன்னும் ஊற்றவில்லை. இதோ, கேமராவைச் சற்று அருகே கொண்டுவருகிறேன்: ரிசர்வாயரின் மேல்துளையில் மாட்டியிருப்பது காற்றழுத்தமானி. சைக்கிள் பம்ப் போன்ற இந்தக் கைப்பம்பால் 0.5 பார் வரை காற்று ஏற்றியிருக்கிறேன். அதற்கு மேல் ஏற்றினால் ரிசர்வாயரின் அக்ரிலிக் தாங்காமல் போகலாம். கசிவு இருந்தால் முள் இறங்கும், தண்ணீர் சிந்தாமலே தெரிந்துவிடும். நான் பேசத் தொடங்கும் முன் ஏற்றியது இது. முள் வைத்த இடத்திலேயே நிற்கிறது. இன்னும் அரை மணி நேரம் பார்த்துவிட்டு ஊற்றுகிறேன்; பிறகு கம்பித் துண்டை வைத்துப் பம்பை மட்டும் இரவு முழுவதும் ஓடவிடப் போகிறேன், அடியில் வெள்ளைத் தாள் விரித்து.