சூட்டில் ஒழுங்காகும் நனோ கோடுகள்

[திரையில்: ரெஜிபோம் பெட்டி, பக்கத்தில் பேர்ஸ்பெக்ஸ் பெயர்ப்பலகை]

வணக்கம் தம்பி, தங்கச்சிமாரே. சிப்பில் நனோ அளவில் கோடுகள் செதுக்க உதவுகிற ஒரு மெல்லிய படலம் சூட்டில் எப்படி ஒழுங்காகிறது என்று இன்றைக்குப் பார்ப்போம். ரெஜிபோமில் இருக்கிற பொலிஸ்டைரீனையும் கடைப் பெயர்ப்பலகை செய்கிற பேர்ஸ்பெக்ஸையும் உருக்கிக் கலந்தால் அவை சேராது, தனித்தனியாக ஒதுங்கிவிடும். சரி, ஒரு பொலிஸ்டைரீன் சங்கிலியின், அதாவது அதன் நீண்ட மூலக்கூறின், நுனியில் ஒரு பேர்ஸ்பெக்ஸ் சங்கிலியை இரசாயனப் பிணைப்பால் பூட்டிவிட்டால்? சேரவும் பிடிக்காது, விட்டுப் போகவும் முடியாது; சங்கிலியின் நீளம் விடுகிற அளவுக்குத்தான் ஒதுங்கலாம், அதாவது சில பத்து நனோமீற்றர். இரண்டு பகுதியும் சமமென்றால் மாறி மாறி அடுக்குகள் வரும், ஒன்று மூன்றிலொரு பங்காகக் குறைந்தால் உருளைகள், இன்னும் குறைந்தால் கோளங்கள். உயர்தரத்தில் படிக்கிற இணைபல்பகுதியத்தில், அதாவது இரண்டு வகை அலகுகள் சேர்ந்த சங்கிலிகளில், இது ஒரு வகை.

[திரையில்: சுழலும் சிலிக்கன் தட்டு]

இதைத் தொலுயீனில் கரைத்து, சிலிக்கன் தட்டில் ஊற்றி வேகமாகச் சுழற்றினால் மெல்லிய படலம் கிடைக்கும். ஆனால் தொலுயீன் சட்டென்று ஆவியாகிவிடுவதால், சங்கிலிகள் ஒழுங்காக நேரமில்லாமல் கலைந்தபடியே இறுகிப்போகின்றன.

இனித்தான் சூடு. நம்ம ஹட்டன் பக்கத் தேயிலைத் தொழிற்சாலையில் ட்ரையரின் சூடு கொழுந்தில் நடக்கிற மாற்றத்தை நிறுத்துகிறது. இங்கே சூடு மாற்றத்தைத் தொடங்கிவைக்கிறது, நிறுத்துவது குளிர். இரண்டு பகுதிகளும் ஏறக்குறைய 100 பாகை செல்சியசைத் தாண்டினால்தான் அசையத் தொடங்கும். 170 பாகையில் வைத்தால் மணிக்கணக்கில், சிலவேளை நாட்கணக்கில் காத்திருக்க வேண்டும், 250 பாகையில் நிமிடக்கணக்கில் முடிந்துவிடும். அப்படியென்றால் சூட்டை இன்னும் ஏற்றலாமே என்று தோன்றும். ஆனால் காற்றிலுள்ள ஒட்சிசன் சங்கிலிகளை அறுக்கும், அதனால் வெற்றிடத்திலோ நைதரசனிலோ வைத்துத்தான் சூடாக்குவார்கள். அதற்கும் மேலே போனால் சங்கிலிகள் தானாகவே சிதையும்.

எனக்கு இதில் மிகவும் பிடித்த இடம் இனித்தான் வருகிறது. அடுக்குகள் நமக்கு நிமிர்ந்து நிற்க வேண்டும், அப்போதுதான் மேலிருந்து பார்க்கக் கோடுகளாக இருக்கும். ஆனால் அவை படுத்துவிடப் பார்க்கும், ஏனென்றால் பேர்ஸ்பெக்ஸ் பகுதிக்குச் சிலிக்கன் தட்டின் ஒட்சைட்டு மேற்பரப்பு பிடிக்கும், அது கீழே போய்ப் படிந்துகொள்ளும். அதைத் தடுக்க, இரண்டு அலகுகளும் ஒழுங்கின்றிக் கலந்த வேறொரு பல்பகுதியத்தைத் தட்டில் முதலில் பூசுவார்கள். 1997இல் பல்பகுதிய ஆய்வாளர் தோமஸ் ரசலின் குழு இதைக் காட்டியது. கீழ்ப்பக்கம் சரி, மேல்பக்கம்? அங்கே காற்றோ வெற்றிடமோதான் இருக்கிறது, எதையும் பூச முடியாது. ஆனால் ஏறக்குறைய 230 பாகையில் பொலிஸ்டைரீனின் மேற்பரப்பு இழுவிசையும் பேர்ஸ்பெக்ஸின் மேற்பரப்பு இழுவிசையும் சமமாகிவிடுகின்றன! மேலே வருவதில் எதற்கும் முந்துரிமை இல்லை, அடுக்குகள் நிமிர்கின்றன. ஆக, சூடு வேகத்தை மட்டும் கூட்டவில்லை, திசையையும் தீர்மானிக்கிறது.

[திரையில்: கைரேகை போல வளைந்த கோடுகள்]

நிமிர்ந்தாலும் கோடுகள் முதலில் இப்படி வளைந்து, நடுவில் அறுந்து, பிரிந்துதான் கிடக்கும். சூட்டில் வைத்திருக்க வைத்திருக்க இந்த அறுந்த, பிரிந்த இடங்கள், அதாவது வழுக்கள், ஒன்றையொன்று தேடி அழிந்து ஒழுங்கு பரவும், ஆனால் வழுக்கள் குறையக் குறைய மிச்சமிருப்பவை தூரதூரமாகிவிடுவதால் கடைசிச் சிலவற்றைப் போக்குவதுதான் மிகக் கடினம். சிப் செய்கிறவர்கள் அவற்றை விட்டுவிடவும் முடியாது: அடுத்த படியில் பேர்ஸ்பெக்ஸ் பகுதியை அரித்தெடுத்து, மிஞ்சும் பொலிஸ்டைரீனை அச்சாக வைத்துச் சிலிக்கனில் கோடு செதுக்கும்போது, படலத்தில் அறுந்த இடம் சிலிக்கனிலும் அறுந்துதான் வரும்.