கணக்கை முடித்துக்கொண்டு போனவர்கள்

(பினாங்கில் மகளிர் தொழில்முனைவோர் கூட்டமொன்றில் ஆற்றிய உரையின் எழுத்து வடிவம்)

அவையில் கூடியிருக்கும் பெரியோர்களுக்கும் சகோதரிகளுக்கும் என் பணிவான வணக்கம்.

குறுங்கடன் என்று பேச்செடுத்தால் ஏழைப் பெண்களைக் குழுக்களாகச் சேர்த்து ஈடில்லாமல் சிறு கடன் தந்த வங்காளதேசத்தின் கிராமின் வங்கியைச் சொல்லித் தொடங்குவதே வழக்கம். அந்த முறை மலேசியாவுக்கு வந்து சேர்ந்ததில் நம் பினாங்குக்கும் பங்கு உண்டு. இங்குள்ள மலேசிய அறிவியல் பல்கலைக்கழக ஆய்வாளர்கள் 1986இல் வடமேற்குச் சிலாங்கூரில் நடத்திப் பார்த்த சோதனைத் திட்டத்திலிருந்துதான் 1987இல் அமானா இக்தியார் மலேசியா என்ற குறுங்கடன் அமைப்பு உருவானது. 1998இல் சிறுதொழில் செய்வோருக்குக் கடன் தரும் அரசு அமைப்பான தெக்குன் வந்தது. அதில் இந்தியச் சமூகத்துக்கென ஸ்புமி என்ற கடன் திட்டம் வந்தது. 2024இல் இந்தியப் பெண்களுக்கென அமானா இக்தியார் வழியாக ‘பெண்’ என்ற 5 கோடி ரிங்கிட் திட்டமும் வந்தது. கடன் தரும் வாசல்கள் கூடியிருப்பதில் எனக்கு மகிழ்ச்சியே. ஆனால் அப்படிப்பட்ட ஒரு வாசலில் நுழைந்து, தவணையை ஒழுங்காகக் கட்டி முடித்து, அடுத்த கடன் வேண்டாமென்று வெளியேறுகிறவர்களைப் பற்றித்தான் இன்று பேச வந்திருக்கிறேன்.

அவர்கள் கண்ணுக்குத் தெரிவதில்லை. கடன் எவ்வளவு திரும்பி வந்தது என்பதே திட்டங்களின் பெருமை; கடைசி ரிங்கிட் வரை கட்டிவிட்டுப் போனவர் அந்தக் கணக்கில் வெற்றியாகவே பதிவாகிறார்.

பினாங்கின் பிறை நகரில் அடுக்குமாடி வீடொன்றில் தீபாவளிக்கு முறுக்கும் அதிரசமும் சுட்டு விற்கும் ஒரு சகோதரியை அறிவேன். ஆகஸ்டில் 3,000 ரிங்கிட் குழுக்கடன் எடுத்தார். 50 வாரத் தவணை. சேவைக் கட்டணம் நீங்கலாக வாரம் 60 ரிங்கிட். கடன் கைக்கு வந்த மறுவாரமே தவணை தொடங்கிவிட்டது. ஆனால் முறுக்குக்குப் பணம் வருவது தீபாவளியை ஒட்டித்தான். ஒரு போத்தல் முறுக்கு விற்பதற்குள் எட்டு வாரம் ஓடி 480 ரிங்கிட் திரும்பிப் போயிருந்தது. அரிசி மாவுக்கும் எண்ணெய்க்கும் வைத்திருந்த பணம் அது. “கடன் காசை எடுத்தே கடனைக் கட்டினேன்” என்றார். அவர் கையிலிருந்த சிறிய நோட்டுப் புத்தகத்தில் அந்த எட்டுத் தவணைகளையும் சிவப்பு மையில் எழுதியிருந்தார்.

வாரக் கூட்டமோ செவ்வாய்க்கிழமை காலை பத்து மணிக்கு, அடுப்பில் எண்ணெய் காயும் நேரத்தில். ஐவர் குழுவில் ஒருவர் தவணைக்கு வராவிட்டால், மற்ற நால்வரும் போட்டுக் கட்டும்வரை எழுந்து போக முடியாது. ஒரு வாரம் வராதவர் அந்தச் சகோதரியின் பக்கத்து வீட்டுக்காரர். பணம் போனதைவிட, அன்று மாலை மின்தூக்கியில் அவர் முகத்தைப் பார்க்க நேர்ந்ததுதான் தாங்கவில்லை என்றார்.

நோய், வீடு மாறுதல், கணவருக்கு வேலை போதல் என்று விலகுவோரும் உண்டு. தொழில் தழைத்து, கடனே தேவைப்படாமல் போகிறவர்களும் சிலர் இருக்கிறார்கள். அவர்களைப் பற்றி எனக்குக் கவலையில்லை. தொழிலும் நன்றாக நடந்து, பணத்தேவையும் இருந்து, கடனின் அமைப்பே ஒத்துவராததால் ஒருவர் விலகுவதைத்தான் என்னால் ஏற்க முடியவில்லை. அந்த அமைப்பு மாற்ற முடியாததும் அன்று. 1998 பெருவெள்ளத்தில் உறுப்பினர்கள் தவணை கட்ட முடியாமல் தவித்ததைக் கண்ட கிராமின் வங்கியே, அடுத்த சில ஆண்டுகளில் தன் விதிகளைத் திருத்தி எழுதியது. இடர்ப்பட்டவர் தவணையை நீட்டிக்கொள்ள வழி செய்தது. ஒருவர் கடனுக்கு மற்றவர் பொறுப்பில்லை என்றும் அறிவித்தது. மூலமே மாறிய பிறகு, பழைய அச்சைப் பிடித்துக்கொண்டிருப்பதற்கு என்ன காரணம் சொல்வது?

அந்தச் சகோதரி கணக்கை முடித்த நாளில் கையெழுத்து மட்டும் வாங்கிக்கொண்டார்கள். ஏன் போகிறீர்கள் என்று ஒருவரும் கேட்கவில்லை. இப்போது அதே மாடியில் அவரோடு பன்னிரண்டு பேர் சேர்ந்து கூட்டுப் போடுகிறார்கள்; எல்லாரும் மாதாமாதம் பணம் போட, சேர்ந்த தொகையை முறைவைத்து ஒருவர் எடுத்துக்கொள்வதுதான் கூட்டு. கூட்டு நடத்துவதைத் தொழிலாகச் செய்யக்கூடாதென 1971ஆம் ஆண்டுச் சட்டம் தடுக்கிறது. முதல் பணத்தை எடுத்துக்கொண்டு ஒருவர் காணாமல் போனால் கேட்க நாதியில்லை என்பதும் அவருக்குத் தெரியும். தெரிந்தேதான் சேர்ந்திருக்கிறார். இந்த ஆண்டு அவருடைய முறை ஆகஸ்டில் வருகிறது. அந்த மாதம்தான் வேண்டுமென்று அவரே கேட்டார். மற்ற பதினொரு பேரும் சரி என்றார்கள்.