மலைச் சாலையில் உருவான எண்ணூறு மீட்டர்

(மூணாறு பக்கத்தில் ஓர் எஸ்டேட் மைதானத்தில், ஓட்டப் பயிற்சிக்கு வந்த பிள்ளைகளுக்கும் பெற்றோருக்கும் பேசியது)

பெரியவர்களுக்கும், ஓடிக் களைத்துப் புல்லில் உட்கார்ந்திருக்கும் பிள்ளைகளுக்கும் வணக்கம்.

இருபது வருடமாகப் பிள்ளைகளுக்கு ஓட்டம் சொல்லிக்கொடுக்கிறேன். ஆரம்பத்தில் தப்பாகச் சொல்லிக்கொடுத்தேன். ஸ்டாப்வாட்சைப் பிடித்துக்கொண்டு, தினமும் நானூறு மீட்டரை நாலு தடவை, ஐந்து தடவை முழு வேகத்தில் ஓடவிடுவேன். மெடலும் வந்தது. கொழுந்து பறிக்கிற ஓர் அம்மாவின் மகள், எட்டாம் வகுப்பிலேயே எல்லாரையும் முந்துவாள். பத்தாம் வகுப்பு வருவதற்குள் அவளுக்குக் கணுக்காலுக்கு மேலே முன்னெலும்பில் வலி. விரல் வைத்தாலே கண் கலங்கிவிடும். ஓட்டத்தையே விட்டுவிட்டாள். அந்தத் தப்பு என்னுடையது. அப்புறம்தான் ஒலிம்பிக்கில் எண்ணூறு மீட்டர் ஜெயித்த பீட்டர் ஸ்னெல் எப்படிப் பயிற்சி எடுத்தார் என்று தேடிப் படித்தேன்.

ஸ்னெல் நியூசிலாந்துக்காரர், 1938இல் பிறந்தவர். சின்ன வயதில் டென்னிஸ் ஆடியவர். பத்தொன்பது வயதில் பயிற்சியாளர் ஆர்தர் லிடியார்டிடம் வந்து சேர்ந்தார். லிடியார்ட் செருப்புத் தொழிற்சாலையில் வேலை பார்த்தவர். எண்ணூறு மீட்டர் ஓட வந்த பையனை அவர் வாரம் 160 கிலோமீட்டர் ஓட வைத்தார். ஞாயிற்றுக்கிழமைகளில் ஆக்லாந்தை ஒட்டிய வையட்டாருவா மலைச் சாலையில் 35 கிலோமீட்டர். நீங்கள் இங்கிருந்து மாட்டுப்பட்டி போய்த் திரும்பினாலும் அந்தத் தூரம் வராது. எல்லாம் ஏற்றமும் இறக்கமும்தான், நம் சாலை மாதிரியே. மாதக் கணக்கில் இப்படி ஓடின பிறகு மேட்டில் துள்ளி ஏறும் பயிற்சி. வேக ஓட்டம் அதற்கும் பிறகு, போட்டி நெருங்கும்போதுதான்.

இரண்டு சுற்று ஓட்டத்துக்கு இவ்வளவு எதற்கு என்று கேட்பீர்கள். 1960 ரோம் ஒலிம்பிக்கைப் பாருங்கள். மூன்று நாளில் நாலு பந்தயம். மற்றவர்களுக்குக் கால் கனத்துக்கொண்டே வந்தது. ஸ்னெல்லுக்கு இன்னும் மிச்சம் இருந்தது. இறுதிப் பந்தயத்தில் உலக சாதனைக்காரரான பெல்ஜியத்தின் ரோஜர் மோன்ஸ் முன்னால் போகிறார். கடைசியில் வலப்பக்கம் திரும்பிப் பார்க்கிறார். ஸ்னெல் இடப்பக்கம், உள்வழியாக வந்துகொண்டிருக்கிறார்! கோட்டைத் தாண்டியதும் ஒரு கம்பத்தைப் பிடித்துக்கொண்டு நின்றார். யார் ஜெயித்தது என்று மோன்ஸிடமே கேட்டார். "நீதான்" என்றார் மோன்ஸ். நேரம் 1 நிமிடம் 46.3 விநாடி.

1962இல் ஒரே வாரத்தில் மைலிலும் எண்ணூறிலும் உலக சாதனை, இரண்டும் புல்தரையில். இதோ நீங்கள் உட்கார்ந்திருக்கிறீர்களே, இப்படிப் புல்தான். எண்ணூறில் 1 நிமிடம் 44.3 விநாடி. அவர் நாட்டில் அதை இன்னொருவர் முந்த 2024 வரை ஆயிற்று. 1964 டோக்கியோவில் 800, 1500 இரண்டிலும் தங்கம்.

எனக்கு அவரிடம் ரொம்பப் பிடித்தது அதற்குப் பின்னால் நடந்தது. ஓட்டத்தை நிறுத்திய பிறகு அமெரிக்கா போய், மறுபடியும் மாணவராகி, உடலியங்கியலில் டாக்டர் பட்டம் வாங்கினார். தன் கால்களுக்குள் என்ன நடந்தது என்று தெரிந்துகொள்ளப் படித்தார். நிதானமாக ஓடும்போது முதலில் உழைப்பது மெதுவான தசைநார்கள். நேரம் ஆக ஆக அவற்றில் சேர்ந்திருக்கும் கிளைகோஜன் என்கிற சர்க்கரைச் சேமிப்பு தீர்கிறது. அப்போது வேக நார்கள் வேலைக்கு இறங்குகின்றன. அவையும் தாங்கப் பழகுகின்றன. செருப்புத் தொழிலாளி அனுபவத்தில் கண்டதை மாணவர் விஞ்ஞானத்தில் விளக்கினார்.

நம் இடுக்கியில், தொடுபுழையில் பிறந்த ஓட்ட வீராங்கனை ஷைனி ஆபிரகாம் 1984 ஒலிம்பிக்கில் எண்ணூறு மீட்டர் அரையிறுதி வரை போனார். இந்த மலைக்கு ஓட்டம் புதிதல்ல.

சரி, 160 கிலோமீட்டர் வளர்ந்த ஆளுக்கு. பிள்ளைகளை அப்படி ஓட்டாதீர்கள், மெடலுக்கு அவசரப்படவும் வேண்டாம். நாளை ஞாயிறு. காலை ஆறரைக்கு ஃபாக்டரி கேட் முன்னால் வந்துவிடுங்கள். தேவிகுளம் சாலையில் அரை மணி நேரம். பக்கத்தில் ஓடுகிற ஆளோடு பேசிக்கொண்டே ஓட வேண்டும். மூச்சு வாங்கிப் பேச முடியவில்லை என்றால் வேகத்தைக் குறைத்துக்கொள்ளுங்கள். ஸ்டாப்வாட்சை நான் வீட்டிலேயே வைத்துவிட்டு வருகிறேன்.