பிள்ளையைக் கூப்பிடாதீர்கள், ஆளை அமர்த்துங்கள்

(கும்பகோணத்தில் கல்லூரி மாணவர்கள், அரசு அலுவலர்கள், காது கேளாதோர் சங்கத்தினர் கலந்துகொண்ட கூட்டத்தில் சைகை மொழிபெயர்ப்பாளர் ஒருவர் பேசியதன் எழுத்து வடிவம்)

எல்லாருக்கும் வணக்கம்.

மேடைக்கு வலப்பக்கம், நான் பேசுவதைச் சைகை மொழியில் சொல்லும் இருவரைப் பாருங்கள். ஒருவர் நிற்கிறார், இன்னொருவர் எதிரே நாற்காலி போட்டு உட்கார்ந்து அவரையே பார்த்துக்கொண்டிருக்கிறார். உட்கார்ந்திருப்பவர் ஓய்வெடுக்கிறார் என்று நினைத்துவிடாதீர்கள், நான் சொல்லும் ஒரு எண்ணோ ஊர்ப்பெயரோ நிற்பவருக்குத் தவறிப்போனால் எடுத்துக் கொடுக்கும் வேலை அவருடையது. 20 நிமிடத்துக்கு ஒருமுறை மாறிக்கொள்வார்கள். கை வலிக்கும் என்பதற்காக மட்டும் அல்ல. காதில் ஒரு மொழி விழுந்துகொண்டே இருக்கும்போது கையில் வேறொரு மொழி போய்க்கொண்டே இருக்க வேண்டும், அரை மணி நேரம் தாண்டினால் மூளை களைத்துப்போய் விடுபட ஆரம்பிக்கும், அதிலும் மோசம், விடுபடுவது செய்கிறவருக்கே தெரியாது. காலை 10 மணிக்குத் தொடங்கி மாலை 5 மணி வரை நடக்கிற கூட்டத்துக்கு ஒரே ஆளை வைத்துவிட்டு "நல்லாத்தானே பண்ணாரு" என்று சொல்லும் அமைப்பாளர்கள் நிறைய பேர். சாப்பாட்டுக்குப் பிறகு பேசியதில் எவ்வளவு போய்ச் சேர்ந்தது என்று அவர்கள் காது கேளாதவர்களிடம் கேட்டதில்லை.

சரி, இது இரண்டு பேரை அமர்த்தும் அளவுக்கு வந்துவிட்ட இடத்தின் கதை. நம் டெல்டாவில் பெரும்பாலான இடங்களில் ஒருவரைக்கூட யாரும் அமர்த்துவதில்லை. அப்படியென்றால் மொழிபெயர்ப்பது யார்? வீட்டுப் பிள்ளை.

குறுவை அறுவடை நேரம், திருவாரூர்ப் பக்கம் ஒரு நேரடி நெல் கொள்முதல் நிலையம். விட்டு விட்டு மழை. காது கேளாத விவசாயி ஒருவர் நெல்லைக் கொண்டுவந்து கொட்டியிருக்கிறார், கூடவே பத்து வயசு மகன். ஈரப்பதம் பார்க்கிற கருவி 19 காட்டுகிறது. 17 சதவீதம் வரைதான் எடுக்கலாம், மழைக் காலத்தில் சில ஆண்டுகள் மத்திய அரசு அதைக் கொஞ்சம் தளர்த்தும், இது இங்கே எல்லாருக்கும் தெரிந்த கதை. பட்டியல் எழுத்தர் பையனிடம் சொன்னது இது: "இன்னிக்கு எடுக்க முடியாதுப்பா, 19 இருக்கு. ரெண்டு நாள் வெயில் அடிச்சா காயவச்சு இங்கேயே கொடுத்துடலாம். இல்லன்னா தளர்வு உத்தரவு வரும்னு சொல்றாங்க, திங்கக்கிழமை வந்து கேட்டுப் பாக்கச் சொல்லு அப்பாவ." பையன் அப்பாவிடம் கையால் காட்டியது இரண்டே விஷயம்: எடுக்கமாட்டார்கள், வேண்டாமாம். அப்பா அன்று சாயங்காலமே வியாபாரிக்கு வந்த விலைக்குப் போட்டுவிட்டார். பிறகு காது கேளாதோர் சங்கத்தில் வந்து, காது கேளாதவன் என்பதால் என் நெல்லை ஒதுக்கிவிட்டார்கள் என்று சொன்னார். நான் போய் எழுத்தரிடம் கேட்டபோதுதான் அவர் என்ன சொன்னார் என்பதே தெரிந்தது. எழுத்தர் மேல் தப்பில்லை, பையன் மேலும் தப்பில்லை. தளர்வு உத்தரவு என்றால் என்னவென்று அந்தப் பையனுக்குத் தமிழிலேயே தெரியாது, கையில் எப்படிக் காட்டுவான்?

இதையே ஆஸ்பத்திரிக்கு மாற்றிப் பாருங்கள். அம்மாவுக்குக் கர்ப்பப்பை எடுக்க வேண்டும் என்பதை எட்டாவது படிக்கும் மகள் அம்மாவுக்கு விளக்க வேண்டும். பயாப்ஸி முடிவு மோசமாக வந்தால் அதையும் அவள்தான் சொல்ல வேண்டும். பெரியவர்களே சொல்லத் தயங்குவதை ஒரு குழந்தை மறைக்காமல் சொல்லும் என்று எதிர்பார்ப்பது அநியாயம். போலீஸ் ஸ்டேஷன் இன்னும் மோசம், புகாரே வீட்டு ஆள் மேல் என்றால் வீட்டு ஆளையே மொழிபெயர்க்க வைப்பதா? பிள்ளைகள் மீதான பாலியல் குற்றங்களுக்கான போக்சோ சட்டம் 38ஆவது பிரிவில், கோர்ட்டில் பிள்ளையின் சாட்சியம் பதியும்போது தகுதியுள்ள மொழிபெயர்ப்பாளரையோ சிறப்பாசிரியரையோ அழைப்பதற்கு வழி வைத்திருக்கிறது, கட்டணம் கொடுத்து. பழைய சாட்சியச் சட்டத்தின் 119ஆவது பிரிவிலும், இப்போதைய பாரதிய சாட்சிய அதினியம் 125ஆவது பிரிவிலும் ஒரே விதிதான்: வாயால் பேச இயலாத சாட்சி எழுதியோ சைகையாலோ சொல்லலாம், அது வாய்மொழிச் சாட்சியமாகவே கொள்ளப்படும், பேச்சால் தெரிவிக்க முடியாதவர் என்றால் மொழிபெயர்ப்பாளர் அல்லது சிறப்பாசிரியர் உதவியோடு பதிவு செய்ய வேண்டும், அதை வீடியோ எடுக்கவும் வேண்டும். வீடியோ எதற்கு என்றால், சாட்சி கையால் சொன்னது ஒன்று, மொழிபெயர்ப்பாளர் வாயால் சொன்னது வேறொன்று என்றால் பின்னால் போட்டுப் பார்த்துப் பிடித்துவிடலாம். என் தொழிலுக்கு இதைவிட நல்ல கடிவாளம் இல்லை.

அலுவலர்கள் வழக்கமாகக் கேட்பது, "எழுதிக் காட்டினா போதாதா?" சிலருக்குப் போதும். நிறைய பேருக்குப் போதாது. பிறவியிலேயே காது கேட்காத பிள்ளைக்குத் தமிழ் காது வழியாக வந்ததே இல்லை, பள்ளியில் இரண்டாவது மொழியாகக் கண்ணால் கற்றது. நமக்கு "மகனிடம் கொடுத்தேன்", "மகன் கொடுத்தான்" என்று வேற்றுமை உருபும் விகுதியும் செய்கிற வேலையை, சைகையில் கை எந்தப் பக்கமிருந்து எந்தப் பக்கம் போகிறது என்பதே செய்துவிடும். அப்படிப் பழகியவரிடம் பட்டா மாறுதல் உத்தரவை நீட்டி "படிச்சுப் பாத்து கையெழுத்து போடுங்க" என்றால், அவர் தலையாட்டுவார், கையெழுத்தும் போடுவார். புரிந்தது என்று அர்த்தமில்லை.

இனி, அமர்த்துகிறவர்களுக்கு. 2016ஆம் ஆண்டின் மாற்றுத்திறனாளிகள் உரிமைகள் சட்டம் நியாயமான ஏற்பாடு செய்து தரும் பொறுப்பை அரசின் மேல் வைத்திருக்கிறது, ஆகவே இது தர்மகாரியம் அல்ல. அதைவிட எளிதான ஒரு உண்மை இருக்கிறது. அந்த அறையில் சைகை தெரியாதவர் நீங்கள். மொழிபெயர்ப்பாளர் அவருக்கு எவ்வளவு தேவையோ அவ்வளவு உங்களுக்கும் தேவை. பணம் கூட்டம் நடத்துகிறவர் கொடுக்க வேண்டும், மனு கொடுக்க வந்தவர் அல்ல. எவ்வளவு என்பதை முன்கூட்டியே பேசுங்கள், அரை நாளா முழு நாளா, பஸ் செலவு யாருடையது, ஒருவரா இருவரா. "சேவை மனப்பான்மையோட வாங்க சார்" என்று அழைப்பவர்கள் மைக்செட்காரரை அப்படி அழைப்பதில்லை.

முந்தின நாளே நிகழ்ச்சி நிரலையும் பேசுகிறவர்களின் பெயர்ப் பட்டியலையும் அனுப்பிவிடுங்கள். பெயர்களை ஒவ்வொரு எழுத்தாக விரலில் காட்ட வேண்டியிருக்கும், திடீரென்று பதினைந்து பேரை "அவர்களே, அவர்களே" என்று வரவேற்றால் கை திணறிப்போகும். நிற்கும் இடத்தில் முகத்துக்கும் கைக்கும் வெளிச்சம் விழ வேண்டும், ஜன்னலை முதுகுக்குப் பின்னால் விட்டு நிறுத்தினால் வெறும் நிழல்தான் தெரியும். கல்யாண மண்டபத்தில் மேடைக்குப் பின்னால் சீரியல் பல்பு மின்னிக்கொண்டிருக்கும், அதை அணைக்கச் சொன்னால் மண்டபத்துக்காரர் முறைப்பார், பரவாயில்லை, அணைக்கச் சொல்லுங்கள். பேசும்போது "அவர்கிட்ட சொல்லுங்க" என்று என்னைப் பார்க்காமல், காது கேளாதவரைப் பார்த்து நேராகப் பேசுங்கள்.

அப்புறம், ஆள் சரியானவரா என்று எப்படித் தெரிந்துகொள்வது? மாற்றுத்திறனாளிகளுக்கான பணியாளர்களைப் பதிவு செய்யும் இந்திய மறுவாழ்வு கவுன்சிலின் பதிவு எண் இருக்கிறதா என்று கேளுங்கள். அது முதல் படி. அடுத்தது, யாருக்காக அமர்த்துகிறீர்களோ அந்தக் காது கேளாதவரிடமே, இவர் காட்டுவது உங்களுக்குப் புரிகிறதா, நீங்கள் சொல்வதை இவர் சரியாகப் பிடிக்கிறாரா என்று கேளுங்கள். சான்றிதழை விட எனக்கு இந்தப் பதில் பெரிது. மாவட்ட மாற்றுத்திறனாளிகள் நல அலுவலகத்திலும் உள்ளூர் சங்கத்திலும் விசாரித்தால் யார் பெயர் திரும்பத் திரும்ப வருகிறது என்று தெரிந்துவிடும்.

மொழிபெயர்ப்பாளர் சமாதானத் தூதரும் அல்ல. திங்கட்கிழமை குறைதீர் கூட்டத்தில் ஒரு அம்மா, காது கேளாதவர், உதவித்தொகைக்காக வந்திருந்தார். அதிகாரி வழக்கம்போல் "பார்க்கலாம்மா" என்றார். அந்த அம்மாவின் கை படபடவென்று போனது, நான் குரல் கொடுத்தேன்: "மூணு வருஷமா இதே வார்த்தையைச் சொல்லி அலையவிடுறீங்களே, உங்களுக்கு வெட்கமா இல்லையா?" அதிகாரி என்னைப் பார்த்து, "என்னப்பா இப்படிப் பேசுற?" என்றார். நான் பேசவில்லை, அந்த அம்மா பேசினார், அதனால் அதிகாரி கேட்டதையும் அப்படியே அந்த அம்மாவுக்குக் காட்டினேன். அவர் இன்னும் இரண்டு வார்த்தை சேர்த்துச் சொன்னார், அதையும் சொன்னேன். புதிதாக வருபவர்கள் இந்த இடத்தில் பயந்துபோய், "சார், கொஞ்சம் சீக்கிரம் செய்யச் சொல்றாங்க" என்று மழுப்பிவிடுவார்கள். அப்படி மழுப்பினால் அந்த அம்மாவின் கோபத்தைத் திருடியதாக ஆகிவிடும். "அவங்க என்ன சொல்றாங்கன்னா" என்று ஆரம்பிப்பதும் வேண்டாம், அவர் "நான்" என்றால் நீங்களும் "நான்" என்றே சொல்ல வேண்டும்.

இந்தத் தொழிலுக்கு வர நினைக்கிற பிள்ளைகளுக்கு: டெல்லியில் இந்திய சைகை மொழி ஆராய்ச்சி மற்றும் பயிற்சி மையம் 2015இல் தொடங்கப்பட்டது. சைகை மொழிபெயர்ப்புக்கு இரண்டு வருட டிப்ளமோ இருக்கிறது, பிளஸ் டூ முடித்தவர்கள் சேரலாம், மறுவாழ்வு கவுன்சில் அங்கீகரித்த படிப்பு. அந்த மையமே வெளியிட்ட காணொலி அகராதி 2018இல் 3,000 சொல்லோடு ஆரம்பித்து 2021இல் 10,000ஐ எட்டியது. காசில்லாமல் பார்க்கலாம், பாருங்கள். ஆனால் அகராதியை மனப்பாடம் செய்து யாரும் மொழிபெயர்ப்பாளர் ஆனதில்லை. காது கேளாதவர்கள் கூடுகிற இடத்தில், சங்கக் கூட்டமோ கிரிக்கெட்டோ டீக்கடையோ, போய் உட்கார்ந்து புரியாமல் முழிக்க வேண்டும். முதலில் அவர்கள் உங்களுக்காக மெதுவாகக் காட்டுவார்கள். உங்களை மறந்துவிட்டு அவர்களுக்குள் வேகமாகப் பேசிக்கொள்ள ஆரம்பிக்கிறார்களே, அப்போது எவ்வளவு பிடிபடுகிறதோ அதுதான் உங்கள் மொழியறிவு. ஊருக்கு ஊர் சைகை மாறும், பழைய பள்ளி மாணவர்களுக்கும் இப்போதைய பிள்ளைகளுக்கும் மாறும், அதெல்லாம் அங்கேதான் கிடைக்கும்.

தமிழ்ப் பிள்ளைகளுக்கு ஒரு வசதி உண்டு. இந்திய சைகை மொழியில் கேள்விச் சொல் கடைசியில் வரும். "உங்க ஊர் எது" என்று கேட்டுப் பழகியவர்களுக்கு அது ஒன்றும் புதிதில்லை. கஷ்டம் முகத்தில்தான். ஆமாவா இல்லையா என்று கேட்கும்போது புருவம் ஏற வேண்டும், மறுக்கும்போது தலை அசைய வேண்டும், இதெல்லாம் அலங்காரம் இல்லை, இலக்கணம். நம் பிள்ளைகள் பாஸ்போர்ட் போட்டோவுக்கு உட்கார்ந்ததுபோல் முகத்தை வைத்துக்கொண்டு கையை மட்டும் ஆட்டுகிறார்கள், பார்ப்பவருக்கு அது கேள்வியா பதிலா என்றே தெரிவதில்லை. 108 நடனக் கரணங்களில் 81ஐத் தஞ்சைப் பெரிய கோயிலின் மேல்தளத்தில் செதுக்கி வைத்திருக்கிற ஊர்ப் பக்கம் இது, அதனால் பரதம் படித்தவர்கள் "இது எங்களுக்கு வந்துடும் சார்" என்று வருவார்கள். அபிநயம் பழகியதால் முகம் நன்றாக வருகிறது, அது லாபம். ஆனால் முத்திரை வேறு, இது வேறு. கையை அழகாக்கப் பார்த்து நேரத்தைத் தின்றுவிடுவார்கள், அதற்குள் பேச்சாளர் மூன்று வாக்கியம் போயிருப்பார்.

காது கேளாத பெற்றோரின் பிள்ளைகள் யாராவது இங்கே இருந்தால், உங்களுக்குத் தனியாகச் சொல்கிறேன். நாங்கள் எவ்வளவு படித்தாலும் உங்கள் கை வராது, இந்தத் தொழிலுக்கு நீங்கள் வந்தால் சந்தோஷம். வந்தால் பயிற்சி எடுத்துக்கொண்டு வாருங்கள், ஏனென்றால் சின்ன வயசிலிருந்து அப்பா அம்மாவுக்காக நீங்களே முடிவெடுத்துப் பழகியிருப்பீர்கள், அந்தப் பழக்கத்தை விட வேண்டியிருக்கும். வர விருப்பமில்லை என்றாலும் குற்றவுணர்ச்சி வேண்டாம்.

வருமானத்தையும் மறைக்க மாட்டேன். தஞ்சாவூர், நாகப்பட்டினம், மயிலாடுதுறை என்று சுற்றினாலும் மாதம் முழுக்க வேலை இருக்காது. சென்னைக்கும் திருச்சிக்கும் ஓட வேண்டியிருக்கும், இல்லாவிட்டால் சிறப்புப் பள்ளியில் வேலை பார்த்துக்கொண்டே இதைச் செய்ய வேண்டியிருக்கும். ஆனால் நிலைமை மாறுகிறது. 2023 செப்டம்பரில் சாரா சன்னி என்ற காது கேளாத வழக்கறிஞர் மொழிபெயர்ப்பாளர் துணையோடு உச்ச நீதிமன்ற விசாரணையில் கலந்துகொண்டார். காது கேளாதவர்கள் கல்லூரிக்கும் வேலைக்கும் போகப் போக ஆள் தேவை கூடும்.

தேவை கூடும்போது அரைகுறை ஆட்களும் கூடுவார்கள். வணக்கம், நன்றி, எண்கள், நிறங்கள் தெரிந்தவுடன் கோர்ட்டிலிருந்தோ ஆஸ்பத்திரியிலிருந்தோ ஒரு போன் வரும், பெருமையாகவும் இருக்கும், போகாதீர்கள். முதலில் கல்யாண வரவேற்பு, பள்ளி ஆண்டுவிழா, சங்கக் கூட்டம், அனுபவமுள்ளவருக்குப் பக்கத்தில் உட்கார்ந்து பார்ப்பது. கோர்ட்டுக்குக் கூப்பிட்டால் "எனக்கு இன்னும் அந்த அளவு வராது சார், இவரைக் கூப்பிடுங்க" என்று வேறொருவர் நம்பரைக் கொடுங்கள். கொடுப்பதற்கு அப்படி இரண்டு மூன்று நம்பர் உங்கள் போனில் இருக்கட்டும்.