கை போனாலும் மூளையில் கை இருக்கிறது

நேயர்களுக்கு வணக்கம். விபத்திலோ புற்றுநோயாலோ சர்க்கரை நோயாலோ கை, கால் எடுத்தவர் உங்கள் வீட்டில் இருந்தால், இல்லாத விரல் மடங்குது, இல்லாத பாதம் எரியுது என்று அவர் சொல்லிக் கேட்டிருப்பீர்கள். நாமும் பட்டென்று, "எல்லாம் பிரமை, அதையே நினைச்சுக்கிட்டு இருக்காதீங்க" என்று சொல்லிவிடுகிறோம். தயவுசெய்து இனி அப்படிச் சொல்லாதீர்கள்.

மூளையில் கைக்கான இடமும் முகத்துக்கான இடமும் அக்கம்பக்கம். கை போனால் முகம் அந்த இடத்தைப் பிடித்துக்கொள்ளும் என்றுதான் ரொம்ப காலமாக நம்பினார்கள். சென்னை ஸ்டான்லி மருத்துவக் கல்லூரியில் படித்த மூளை ஆய்வாளர் வி. எஸ். ராமச்சந்திரன், கை இழந்த சிலருக்குக் கன்னத்தைத் தொட்டால் இல்லாத கையில் தொடுவது போலத் தெரிகிறது என்று 1990களில் எடுத்துக்காட்டியதும் அந்த நம்பிக்கை இன்னும் பலப்பட்டது.

ஆனால் 2025 ஆகஸ்டில் வந்த ஓர் ஆய்வு வேறு கதை சொல்கிறது. கையை எடுத்தாக வேண்டும் என்று முடிவாகியிருந்த மூன்று பேரை, ஆபரேஷனுக்கு முன்பே மூளையைப் படமெடுக்கும் ஸ்கேனில் படுக்கவைத்து ஒவ்வொரு விரலாக அசைக்கச் சொன்னார்கள், உதட்டைக் குவிக்கச் சொன்னார்கள். கை போன பிறகு மறுபடி அதே ஸ்கேன், இல்லாத விரல்களை அசைக்க அதே கட்டளை, ஒருவருக்கு ஐந்து வருஷம் கழித்துக்கூட. படம் கிட்டத்தட்ட அப்படியே இருந்தது! பழைய கையின் பதிவுகளை வைத்துப் பழக்கிய கணினி நிரல், இப்போது எந்த விரலை அசைக்கப் பார்க்கிறார்கள் என்று கண்டுபிடித்தது. மூளையில் உதட்டுக்கான இடமும் கையின் இடத்தைப் பிடித்துக்கொள்ளவில்லை.

அப்புறம், இது வெறும் கற்பனையும் இல்லை. கையை அசைப்பதாக மனதில் நினையுங்கள் என்றால் வெட்டியது போக மிச்சமிருக்கும் கைப்பகுதியின் தசை சும்மா கிடக்கும், அசையுங்கள் என்றால் அதே தசை இறுகும், அளந்தே பார்த்திருக்கிறார்கள். மூளையிலும் இரண்டுக்கும் வேறு வேறு தடம்.

சரி, அப்படியானால் இல்லாத கை, காலில் வரும் அந்த வலி எங்கிருந்து? வெட்டுப்பட்ட நரம்பின் நுனியைத்தான் இப்போது அதிகம் சந்தேகிக்கிறார்கள். போய்ச் சேர இடமில்லாமல் அது முடிச்சு முடிச்சாக வளர்ந்து மூளைக்குத் தாறுமாறாகச் செய்தி அனுப்புகிறது. அந்த நுனியைப் பக்கத்துத் தசையின் நரம்போடு இணைத்துவிடும் அறுவை சிகிச்சை இருக்கிறது, பலருக்கு வலி குறைகிறது. அதனால் உங்கள் வீட்டில் யாருக்காவது கை, கால் எடுக்க நாள் குறித்திருந்தால், நரம்பு நுனியை என்ன செய்யப்போகிறீர்கள் என்று டாக்டரிடம் முன்கூட்டியே கேளுங்கள்.